ஒருவர் இன்வாய்ஸில் இன்னொருவர் தொகை: அப்ளிகேஷன் ஸ்கோப்பில் இருக்கும் கம்போனென்ட்

மாறிலி கேட்டது

வணக்கம். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு கோல்ட்ஃபியூஷன் (வலைத்தளம் எழுத உதவும் அடோபியின் மொழியும் சர்வரும்) அப்ளிகேஷன் என் தலையில் வந்து விழுந்தது. எழுதியவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை. பதிப்பு 8 காலத்தில் எழுதியது, பிறகு யாரோ 2016 பதிப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். எனக்குப் பழக்கமானது பிஎச்பி. கோல்ட்ஃபியூஷனை இந்த வேலைக்காகத்தான் முதன்முதலில் தொட்டேன்.

பிரச்சினை இதுதான். வாடிக்கையாளர் லாகின் செய்து தன் இன்வாய்ஸை பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளும் பக்கம் ஒன்று இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை, மேலே அவருடைய பெயர், முகவரி, இன்வாய்ஸ் எண் எல்லாம் சரியாக இருக்கும். கீழே பொருள் வரிசையும் கூட்டுத்தொகையும் வேறு யாருடையதோ. முதல் ஆறு மாதத்தில் மூன்று புகார். நான் திறந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது. "கேஷ் பிரச்சினை, பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள்" என்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் போன மாதக் கடைசியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவூட்டல் மெயில் போனது, அன்று காலையில் மட்டும் 7 புகார்.

அலுவலக விதிப்படி நிரலை (கோடை) இங்கே ஒட்ட முடியாது, வார்த்தையில் சொல்கிறேன். அப்ளிகேஷன் தொடங்கும்போது ஓடும் ஆன்அப்ளிகேஷன்ஸ்டார்ட்டில் இன்வாய்ஸ் கம்போனென்ட்டை (ஃபங்ஷன்களைக் கொண்ட ஆப்ஜெக்ட்) ஒருமுறை உருவாக்கி, எல்லோருக்கும் பொதுவான அப்ளிகேஷன் ஸ்கோப்பில் வைத்திருக்கிறார்கள். எல்லாப் பக்கமும் அதைத்தான் கூப்பிடுகிறது. பிரச்சினை வரும் ஃபங்ஷன் இன்வாய்ஸ் எண்ணை வாங்கிக்கொண்டு, தலைப்பு விவரத்துக்கு 'கியூஹெட்' என்று ஒரு குவெரி (டேட்டாபேஸ் தேடல்), பொருள் வரிகளுக்கு 'கியூலைன்ஸ்' என்று ஒரு குவெரி ஓட்டுகிறது. அப்புறம் லோகோ, வரி விகிதம் எல்லாம் எடுத்துவிட்டு, லூப்பில் கூட்டி, பிடிஎஃப் செய்து திருப்பித் தருகிறது.

ஸ்கோப்பிங் (ஒரு மாறி எங்கே இருக்கும், யாருக்குத் தெரியும் என்ற விதி) என்று ஒன்று இருப்பது படித்துத் தெரியும். பார்த்தேன், ஃபங்ஷனின் தலையிலேயே ஐந்து வேர் (var, மாறியை அந்த அழைப்புக்கு மட்டும் சொந்தமாக்கும் சொல்) வரிகள் இருக்கின்றன: கியூஹெட், மொத்தம், எண்ணி, விகிதம், பிடிஎஃப். ஆகவே அது காரணம் இல்லை என்று நினைக்கிறேன். லோட் பேலன்சர் (ரிக்வெஸ்டுகளைச் சர்வர்களுக்குப் பிரித்துவிடுவது)? டேட்டாபேஸ் டிரைவர்? எங்கே தேடுவது?

இரவுப்பணி

லோட் பேலன்சர் எல்லாம் இல்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைகிறார்கள், அவ்வளவுதான். ஃபங்ஷன் முழுவதையும் சிஎஃப்லாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) வையுங்கள். டைப் எக்ஸ்க்ளூசிவ், டைம்அவுட் 10. எங்கள் ப்ராஜெக்டில் இப்படித்தான் செய்தோம், அதன் பிறகு புகார் வரவில்லை.

பழைய பஞ்சாங்கம்

இரவுப்பணி சொல்வதில் பாதி சரி. இரண்டு பேர் நுழைவதுதான் காரணம். ஆனால் பூட்டு இங்கே மருந்து இல்லை. ஒரு பிடிஎஃப் செய்ய 3 செகண்ட் ஆகிறது என்று வையுங்கள். மெயில் பார்த்துவிட்டு ஐந்து பேர் ஒன்றாகச் சொடுக்குகிறார்கள். இரண்டாமவர் 3 செகண்ட் காத்திருப்பார், மூன்றாமவர் 6, நான்காமவர் 9. ஐந்தாமவர் 12 செகண்ட் நிற்க வேண்டும், 10லேயே டைம்அவுட் ஆகி எரர் பக்கத்தைப் பார்ப்பார். தப்பான இன்வாய்ஸுக்குப் பதிலாக இன்வாய்ஸே இல்லை.

தம்பி மாறிலி (தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்), விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஐந்து வேர் வரிகளையும் எண்ணிப் பார்த்தேன். கியூஹெட் இருக்கிறது. கியூலைன்ஸ் எங்கே? மேல் பாதி எப்போதும் சரி, கீழ்ப் பாதி மட்டும் மாறுகிறது என்று நீங்கள் சொன்னதும் முதலில் அதைத்தான் தேடினேன். மொத்தம் என்ற மாறிக்கு வேர் இருந்தும் தொகை தப்பாக வருவதில் ஆச்சரியம் இல்லை. அது தப்பான வரிகளை ஒழுங்காகக் கூட்டுகிறது.

என்ன நடக்கிறது என்றால், வேர் போடாமல் ஃபங்ஷனுக்குள் ஒரு பெயருக்கு மதிப்பு கொடுத்தால், அது அந்த அழைப்போடு முடிந்துபோகும் மாறியாக இருக்காது. கம்போனென்ட்டின் வேரியபிள்ஸ் ஸ்கோப்பில் போய் உட்காரும். கம்போனென்ட் ஒன்றுதான் இருக்கிறது, ஆகவே அந்த ஸ்கோப்பும் ஒன்றுதான். ஒவ்வொரு ரிக்வெஸ்டும் தனி த்ரெட் (தனியாக ஓடும் வேலை இழை). ஆனால் எல்லா த்ரெட்டும் எழுதுவது ஒரே கரும்பலகையில். வேர் போட்டது மட்டும் அவரவர் கைச்சிலேட்டு.

உங்கள் ஃபங்ஷனை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். முதல் வாடிக்கையாளருக்கு கியூஹெட் வந்துவிட்டது, அது அவர் சிலேட்டில் இருக்கிறது. 40வது மில்லிசெகண்டில் அவருடைய கியூலைன்ஸ் வருகிறது, கரும்பலகையில் எழுதப்படுகிறது. அவருடைய த்ரெட் லோகோவையும் வரி விகிதத்தையும் தேடிப் போகிறது. 55இல் இரண்டாம் வாடிக்கையாளரின் கியூலைன்ஸ் வருகிறது. அதே பெயர், அதே இடம். பழையதன் மேலேயே எழுதியாகிவிட்டது. 70இல் முதல் த்ரெட் லூப்புக்குத் திரும்பி வந்து கியூலைன்ஸைக் கேட்கிறது, இரண்டாமவருடையதை வாங்கிக்கொண்டு போகிறது. எரர் கிடையாது. லாகில் ஒரு வரி கிடையாது. இரண்டாமவருக்கு எல்லாம் சரியாகவே வரும், அவர் புகார் சொல்ல மாட்டார். நீங்கள் தனியாகத் திறந்து பார்த்தால் இடையில் எழுத ஆள் இல்லை, உங்களுக்கும் சரியாகவே வரும்.

எழுதியவரைத் திட்ட வேண்டாம். கம்போனென்ட் என்பதே 2002இல் எம்எக்ஸ் பதிப்போடு வந்தது. அதற்கு முன் எல்லாம் பக்கங்களில் எழுதியவர்கள் நாங்கள். சாதாரணப் பக்கத்தில் வேரியபிள்ஸ் ஸ்கோப் அந்த ரிக்வெஸ்டுக்கு மட்டும் சொந்தம், வேர் இல்லாமல் எழுதினாலும் ஒன்றும் ஆகாது. அதே கோடை வெட்டி கம்போனென்ட்டில் ஒட்டி, அந்தக் கம்போனென்ட்டை அப்ளிகேஷன் ஸ்கோப்பில் வைத்த அன்று, ஒரு எழுத்துகூட மாறாமல் அர்த்தம் மாறிவிடும்.

இன்னொன்று. பதிப்பு 8 வரை வேர் வரிகள் ஃபங்ஷனின் தலையில் மட்டுமே இருக்கலாம், நடுவில் எழுதினால் கம்பைலர் ஏற்காது. 2009இல் வந்த பதிப்பு 9தான் அதைத் தளர்த்தி, லோக்கல் ஸ்கோப் என்று ஒரு பெயரும் கொடுத்தது. உங்கள் ஃபங்ஷனில் முதலில் ஒரே குவெரி இருந்திருக்கும் என்பது என் ஊகம். பிறகு ஒருவர் இரண்டாவது குவெரியை நடுவில் சேர்த்திருப்பார். எழுபது வரி மேலே போய் ஆறாவது வேர் போட வேண்டும் என்பது மறந்திருக்கும். வேர் இல்லாத மாறி எங்கே போய் ஒதுங்கும் என்று யாருக்குத் தெரியும்! (சிலேடைக்கு மன்னிக்கவும், இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

டேக்குகள்தான் (சிஎஃப் என்று தொடங்கும் கட்டளைகள்) பெரிய திருடர்கள். சிஎஃப்செட்டில் மாறி உருவாவது கண்ணுக்குத் தெரியும். சிஎஃப்குவெரியின் நேம், சிஎஃப்லூப்பின் இன்டெக்ஸ், சிஎஃப்சேவ்கன்டென்ட்டின் வேரியபிள், சிஎஃப்எச்டிடிபியின் ரிசல்ட் எல்லாமும் மாறியை உருவாக்குகின்றன, ஆனால் பார்த்தால் ஏதோ லேபிள் மாதிரி இருக்கும். 2016 பதிப்பில் நேம் இருக்கும் இடத்திலேயே 'லோக்கல் புள்ளி கியூலைன்ஸ்' என்று எழுதிவிட்டால் போதும்.

நம்பிக்கை இல்லையென்றால் டெவலப்மென்ட் மெஷினில் கியூலைன்ஸ் குவெரிக்கும் லூப்புக்கும் நடுவே ஸ்லீப் 5000 என்று ஒரு வரி போடுங்கள். இரண்டு வேறு பிரவுசரில் இரண்டு வேறு இன்வாய்ஸ். முதலாவதைச் சொடுக்கி இரண்டு செகண்ட் கழித்து இரண்டாவது. முப்பது மில்லிசெகண்ட் சன்னலை ஐந்து செகண்ட் கதவாக ஆக்குகிறோம், அவ்வளவுதான்.

ஜாவாக்காரன்

எங்கள் பக்கத்திலும் இதே கதைதான், வேறு வேஷம். பழைய ஜேஎஸ்பியில் (ஜாவாவில் வலைப்பக்கம் எழுதும் முறை) சதவிகிதக் குறிக்குப் பிறகு ஒரு ஆச்சரியக்குறி போட்டு மாறியை அறிவித்தால் அது சர்வ்லெட்டின் (பக்கத்தை ஓட்டும் ஜாவா ஆப்ஜெக்ட்) ஃபீல்ட் ஆகிவிடும், எல்லா ரிக்வெஸ்டுக்கும் பொது. ஆச்சரியக்குறி இல்லாவிட்டால் லோக்கல். ஒரு குறியில் நான் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன்.

மாறிலிக்கு ஒரு விஷயம்: நீங்கள் பிஎச்பியிலிருந்து வந்திருக்கிறீர்கள். அங்கே வழக்கமாக ரிக்வெஸ்ட் முடிந்ததும் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும், அடுத்தவர் சுத்தமான இடத்துக்கு வருகிறார். இங்கே ஆப்ஜெக்ட் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். கோல்ட்ஃபியூஷன் 10 முதல் அடியில் ஓடுவது டாம்கேட் என்ற ஜாவா சர்வர். டாம்கேட்டைத் தனியாக நிறுவினால் த்ரெட் எண்ணிக்கையின் உச்சவரம்பு வழக்கமாக 200. 200 பேர் ஒரே ஃபங்ஷனுக்குள் நிற்கலாம் என்று நினைத்துக்கொண்டே கோடைப் படித்தால் கண்ணுக்குத் தப்பு தெரிய ஆரம்பிக்கும்.

பூட்டு பற்றியும் ஒன்று. சர்வ்லெட்டில் சிங்கிள்த்ரெட்மாடல் என்று ஒன்று இருந்தது; ஒரு ஆப்ஜெக்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் என்ற வாக்குறுதி. செஷனில் இருப்பதையும் ஸ்டாட்டிக் மாறியையும் (எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவானது) அதனால் காப்பாற்ற முடியவில்லை. 2.4 பதிப்பிலேயே இனி பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

மாறிலி

தங்கைதான் அண்ணா, மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

நேற்று மாலை ஸ்லீப் வரி போட்டு முயன்றேன். எதுவும் நடக்கவில்லை! இரண்டு இன்வாய்ஸும் சரியாக வந்தன. உங்கள் மேல் சந்தேகம் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். பத்துத் தடவை செய்து பார்த்துவிட்டு, அப்ளிகேஷன் ஃபைலை வரி வரியாகப் படித்தேன். ஆன்ரிக்வெஸ்ட்ஸ்டார்ட்டில் ஒரு சின்ன இஃப்: மெஷின் டெவலப்மென்ட் என்றால் கம்போனென்ட் எல்லாவற்றையும் ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் புதிதாக உருவாக்கு. கோடை மாற்றும்போது சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமல் இருக்க யாரோ போட்ட வசதி. எங்கள் மெஷினில் ஒவ்வொருவருக்கும் தனிக் கரும்பலகை! இத்தனை வருடம் இங்கே யார் கண்ணிலும் படாததற்குக் காரணம் அந்த ஒரு இஃப்தான்.

அதை எடுத்துவிட்டு மறுபடி சொடுக்கினேன். முதல் பிரவுசரில் என் பெயரில் இன்னொருவருடைய 14 வரிகள். உடம்பு சிலிர்த்துவிட்டது.

லோக்கல் போட்டு நேற்றிரவே சர்வரில் ஏற்றினோம். இன்று காலை மறுபடி ஒரு புகார். பதறிப்போய்ப் பார்த்தால், ஃபைல் புதிது, ஆனால் அப்ளிகேஷன் ஸ்கோப்பில் உட்கார்ந்திருந்த ஆப்ஜெக்ட் பழையது. அப்ளிகேஷனை நிறுத்தும் அப்ளிகேஷன்ஸ்டாப் ஃபங்ஷனைக் கூப்பிட்ட பிறகுதான் அது போனது. இதையும் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் :)

அப்புறம் வேறொரு விசித்திரம். இதற்கு ஸ்கோப்பிங் காரணமாக இருக்க முடியாது, நன்றாகப் பார்த்துவிட்டேன். வரி விகிதங்களை ஒரு ஸ்ட்ரக்ட்டாக (பெயரும் மதிப்புமாகச் சேர்த்த தொகுப்பு) அதே கம்போனென்ட்டில் தெரிந்தேதான் பொதுவாக வைத்திருக்கிறார்கள், வருடத்துக்கு ஒருமுறைதான் மாறும். ஒரு ஃபங்ஷன் அதைத் திருப்பித் தருகிறது. இன்வாய்ஸ் ஃபங்ஷன் அதை 'விகிதம்' என்ற மாறியில் வாங்குகிறது, வேர் போட்டுத்தான். ஒப்பந்த வாடிக்கையாளர் என்றால் விகிதத்துக்குள் தள்ளுபடி 15 என்று எழுதுகிறது. சில நாள் எல்லாம் சரி. சில நாள் திடீரென்று எல்லோருக்கும் 15 சதவிகிதத் தள்ளுபடி, ரீஸ்டார்ட் செய்யும் வரை. வேர் இருந்தும் ஏன்?

பழைய பஞ்சாங்கம்

ரீஸ்டார்ட் பற்றிச் சொல்லாமல் விட்டது என் தப்புதான். அந்த டெவலப்மென்ட் இஃப் அருமையான கண்டுபிடிப்பு, எனக்கே தோன்றவில்லை.

இரண்டாவது கேள்வி முதலாவதைவிடச் சுவாரசியமானது. வேர் காப்பாற்றுவது பெயரை. பெயர் சுட்டிக்காட்டும் பொருளை அல்ல. கோல்ட்ஃபியூஷனில் ஸ்ட்ரக்ட்டைத் திருப்பித் தந்தால் நகல் வராது, அதே பொருளுக்கு இன்னொரு கைப்பிடி வரும். உங்கள் சிலேட்டில் 'விகிதம்' என்று எழுதியிருப்பது ஒரு விலாசம். அந்த விலாசத்தில் இருப்பது பொது வீடு. தள்ளுபடி 15 என்று நீங்கள் எழுதியது அந்த வீட்டுச் சுவரில். ரீஸ்டார்ட்டுக்குப் பின் முதல் ஒப்பந்த வாடிக்கையாளர் வந்ததும் சுவரில் எழுத்து ஏறிவிடுகிறது, அதன் பிறகு வருபவர் எல்லோரும் படிக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் வரும் வரை எல்லாம் சரி. இதற்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் வரவேண்டிய அவசியம்கூட இல்லை, கவனித்தீர்களா? ஒருவர் பின் ஒருவராக வந்தாலே போதும். ஆகவே பூட்டும் உதவாது.

அரே (எண் வரிசைப்படி வைத்த பட்டியல்) இதற்கு நேர்மாறு. அடோபி கோல்ட்ஃபியூஷனில் சாதாரணமாக அரேயைக் கொடுத்தால் நகல் போகும், அதே மொழியை ஓட்டும் லூசி என்ற மாற்று சர்வரில் கைப்பிடி போகும். அதனால்தான் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் சொல்வார்கள், அவர்கள் அரே வைத்திருப்பார்கள்.

திருத்தம்: விகிதத்தைத் தரும் ஃபங்ஷனிலேயே டூப்ளிகேட் (உள்ளடுக்குகளோடு முழு நகல்) போட்டுத் திருப்புங்கள். கூப்பிடும் இடத்தில் போடலாம், ஆனால் கூப்பிடும் இடம் நாளைக்கு நான்காகும், ஒன்றில் மறந்துபோகும். ஸ்ட்ரக்ட்காப்பி வேண்டாம், அது மேல் அடுக்கை மட்டும் நகலெடுக்கும். உள்ளே இன்னொரு ஸ்ட்ரக்ட் இருந்தால் அது பழைய பொது வீடுதான். என் விருப்பம் கேட்டால், தள்ளுபடியை விகிதத்துக்குள் திணிக்கவே கூடாது. அது வாடிக்கையாளரின் விஷயம், தனி வேர் மாறியில் இருக்கட்டும்.

இரவுப்பணி

சரி, பூட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அப்படியென்றால் சிஎஃப்லாக் எதற்குத்தான் இருக்கிறது?

பழைய பஞ்சாங்கம்

உண்மையிலேயே பொதுவாக இருந்தே தீர வேண்டியதை மாற்றும்போது. மெமரியில் ஒரு வரிசை எண் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். படி, ஒன்று கூட்டு, எழுது. இரண்டு த்ரெட்டும் 41ஐப் படித்து இரண்டும் 42 என்று எழுதினால் ஒரே எண் இரண்டு பேருக்கு. இங்கே எதையும் லோக்கல் ஆக்க முடியாது, பொதுவாக இருப்பதுதான் அதன் வேலை. அந்த மூன்று படிகளுக்கு மட்டும் ஒரு பெயர் வைத்த பூட்டு. அந்த எண்ணைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் அதே பெயர் இருக்க வேண்டும். வேறு பெயர் என்றால் அது வேறு பூட்டு, வாசலில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே உள்ளே போய்விடுவார்கள். சர்வர் இரண்டாகிவிட்டால் இதுவும் போதாது, எண்ணை டேட்டாபேஸிடம் விட்டுவிடுங்கள்.

ஜாவாக்காரன்

ஜாவாவில் தேதியை எழுத்தாக்கும் சிம்பிள்டேட்ஃபார்மேட்டை ஸ்டாட்டிக்காக வைத்து நான் பட்ட பாடும் இந்த வகைதான். மாறி ஃபைனல், யாரும் மாற்ற முடியாது, ஆனால் உள்ளே தேதியை எழுதி அழிக்கும் இடம் ஒன்றே ஒன்று. ஜாவா 8இல் வந்த டேட்டைம்ஃபார்மேட்டருக்கு மாறிய பிறகுதான் தூக்கம்.

மாறிலி

டூப்ளிகேட் போட்டுவிட்டேன், தள்ளுபடியையும் தனி மாறிக்கு எடுத்துவிட்டேன். ஒப்பந்த இன்வாய்ஸைத் திறந்த உடனே சாதாரண இன்வாய்ஸைத் திறந்து பார்த்தேன், தள்ளுபடி வரவில்லை.

சிஎஃப்லின்ட் என்று ஒரு கருவி இருப்பதைக் கண்டுபிடித்து எல்லா ஃபைலிலும் ஓட்டினேன். வேர் விட்டுப்போன இடம் என்று 143 வரிகள் காட்டியது. அதில் பாதிக்கு மேல் லூப்பின் 'ஐ'. ஒரே 'ஐ'யை ஒன்பது ஃபங்ஷன்கள் பகிர்ந்துகொண்டு இத்தனை வருடம் ஓடியிருக்கின்றன, எப்படி என்றே தெரியவில்லை. இன்றைக்கு 60 முடித்தேன். சிலவற்றில் கை வைக்கப் பயமாக இருக்கிறது: ஒரு ஃபங்ஷன் வேர் இல்லாமல் எழுதியதை இன்னொரு ஃபங்ஷன் நம்பிப் படிக்கிற மாதிரி தெரிகிறது. லோக்கல் ஆக்கினால் அது உடையும்.

பழைய பஞ்சாங்கம்

உடையட்டும். டெவலப்மென்டில் சத்தமாக உடைவது நல்லது. அந்த மாதிரி இடங்களில் வேர் மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள், முதல் ஃபங்ஷன் மதிப்பைத் திருப்பித் தரட்டும், இரண்டாவது அதை ஆர்குமென்ட்டாக வாங்கட்டும். "முதலில் இன்றைய வாடிக்கையாளரை செட் செய், அப்புறம் கணக்கிடு" என்கிற மாதிரி இரண்டு அழைப்புகள் எங்கேயாவது இருந்தால் அதை முதலில் பாருங்கள். சிஎஃப்லின்ட் அதைக் காட்டாது, ஏனென்றால் அங்கே வேரியபிள்ஸ் புள்ளி என்று தெளிவாகவே எழுதியிருப்பார்கள்.

லூசிக்கு மாறும் எண்ணம் இருந்தால் அங்கே லோக்கல்மோட் என்று ஒரு அமைப்பு உண்டு. மாடர்ன் என்று வைத்தால் வேர் இல்லாததும் லோக்கலுக்கே போகும். ஆனால் இந்த 143ஐயும் தீர்க்காமல் அதைத் திருப்பாதீர்கள், நம்பிப் படிக்கும் ஃபங்ஷன்கள் எல்லாம் ஒரே நாளில் படுத்துவிடும்.

மாறிலி

செட் செய்துவிட்டுக் கணக்கிடுவது இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று ஷிப்பிங் கட்டணம், மற்றது செஷன் ஸ்கோப்பில் இருக்கும் கார்ட் கம்போனென்ட். ஷிப்பிங்கை மாற்றுகிறேன். கார்ட் செஷனில்தானே இருக்கிறது, ஒரு ஆளுக்கு ஒன்று, அதை விட்டுவிடலாமா?

பழைய பஞ்சாங்கம்

ஆள் ஒருவர்தான், ரிக்வெஸ்ட் ஒன்று இல்லையே. ஒரு டேபில் பொருளைச் சேர்த்துக்கொண்டே இன்னொரு டேபில் பணம் கட்டுவார்கள். ஒரே பக்கத்திலிருந்து மூன்று அஜாக்ஸ் அழைப்பு (பக்கத்தை மறுபடி ஏற்றாமல் சர்வரைக் கேட்பது) ஒன்றாகக் கிளம்பும். அதே ஸ்லீப் வரியை கார்ட்டில் போட்டு, சேர் பட்டனை வேகமாக இரண்டு தடவை அழுத்திப் பாருங்கள்.